யானைப் பாட்டின் மூன்றாவது சரணம்

ஒரு ஆல்பத்தை நடுவிலிருந்து கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. மூன்றாவது பாட்டில் நுழைந்து ஏழாவதற்குத் தாவி, பிடித்ததை மட்டும் பொறுக்கிக்கொண்டு போவார்கள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து அப்பளத்தை மட்டும் நொறுக்கிவிட்டு எழுந்து போகிறவனைப் பார்த்தால் வருகிற எரிச்சல் இவர்களைப் பார்த்தாலும் எனக்கு வரும். பாடியவர்கள் ஏதோ யோசித்துத்தானே ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். முதலிலிருந்து கடைசி வரை கேள். அப்புறம் பிடிக்கவில்லை என்று சொல், ஒப்புக்கொள்கிறேன்.

நான் மைசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நர்ஸ். பெயர் ஷெர்லி. எங்கள் பிரிவில் ஒருவர் மெஷினோடு கட்டிலில் படுத்தால் நாலு மணி நேரம் எழுந்திருக்க முடியாது. சுவரில் இருக்கும் டிவியில் செய்தி வாசிப்பவர்கள் கத்திக்கொண்டே இருப்பார்கள். பல வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பொறுக்க முடியாமல் அதை அணைத்துவிட்டு, என் பையிலிருந்த சின்ன ஸ்பீக்கரில் ஒரு ஆல்பம் போட்டேன். யாரோ ஹுப்பள்ளிப் பையன்கள் வீட்டிலேயே பதிவு செய்தது. ஒருவரும் திட்டவில்லை. அன்றிலிருந்து காலை ஷிப்டில் இரண்டு ஆல்பமாவது ஓடும். சினிமாப் பாட்டு கிடையாது. அது ஆட்டோவில் ஓடுகிறது, பஸ்ஸில் ஓடுகிறது, கல்யாண மண்டபத்தில் ஓடுகிறது. என் வார்டிலும் எதற்கு?

நாலாம் நம்பர் கட்டில் கேசவமூர்த்தி சாருடையது. மேலுகோட்டைக்காரர், காலேஜ் லைப்ரரியனாக இருந்து ரிடையர் ஆனவர். திங்கள், புதன், வெள்ளி வருவார். "இன்னிக்கு எந்த ஊர்ப் பசங்கம்மா?" என்று கேட்டபடிதான் ஊசிக்குக் கையை நீட்டுவார். பாதி ஆல்பத்தைத் திட்டிக்கொண்டே கேட்பார். ஆனால் ஒரு பாட்டைக்கூடத் தாண்டச் சொன்னதில்லை. அதனால் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆல்பத்தில் பிடித்தவர்களை நேரில் கேட்காமல் இருக்க என்னால் முடியாது. தசரா வந்தால் அரண்மனை முன்னால் ஆயிரக்கணக்கில் நாற்காலி போடும் இந்த ஊர், சொந்தமாகப் பாட்டெழுதிப் பாடுகிற நாலு பிள்ளைகளுக்கு ஒரு ஒழுங்கான மேடை தராது. ஒரு காபிக் கடையின் பின்பக்கம், டான்ஸ் கிளாஸ் நடக்கிற ஹால், ஜெயலக்ஷ்மிபுரத்தில் ஒரு பேக்கரியின் மாடி, இவ்வளவுதான். அங்கேயும் வருகிறவர்களில் பாதிப் பேர் பேசிக்கொண்டிருக்க வருகிறவர்கள். நடுவில் ஒருத்தன் எழுந்து, தெரிந்த பாட்டு ஏதாவது பாடச் சொல்வான். தெரிந்த பாட்டைக் கேட்க வீட்டிலேயே இருக்க வேண்டியதுதானே என்று நான் இரண்டு முறை சண்டை போட்டிருக்கிறேன். நாற்பத்தாறு வயதில் டிபன் பாக்ஸ் பையோடு முன்வரிசையில் உட்கார்ந்து, பின்னால் பேசுகிறவர்களைத் திரும்பி முறைக்கிற நர்ஸம்மாவை அந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். என் கணவர் ஏசுதாஸ், "மறுபடியும் பேக்கரி மாடியா?" என்று கேட்பதோடு சரி.

நல்ல பாட்டைக் கேட்டால் எனக்குள் அடக்கி வைக்கத் தெரியாது. ஃபோனில் பதிவு செய்வேன். எங்களைப் போல நூற்றுச் சொச்சம் பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். இந்தப் பெண்ணை முதலில் கண்டுபிடித்தது ஷெர்லிதான் என்று நாலு பேர் சொன்னால் எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஜீவிதாவைக் கேட்டது அந்தப் பேக்கரி மாடியில்தான், இரண்டு வருஷத்துக்கு முன்னால். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், இருபது பேர் இருந்திருப்போம். சயாஜி ராவ் ரோட்டில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை அவளுக்கு. சொந்த ஊர் ஹனூர்க் காட்டோரத்தில் மார்டள்ளி என்ற தமிழ்க் கிராமம். மாதா கோயில் பாடற்குழுவில் கற்றுக்கொண்ட கிதாரை மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், ஒரு யானையிடம் பேசுகிற பாட்டைப் பாடினாள்.

'வந்தவரே வந்தவரே, வரப்பு தாண்டி வந்தவரே, சோளமெல்லாம் தின்னுபுட்டுச் சொல்லாமப் போறவரே' என்று ஆரம்பித்தது. இரண்டாவது சரணத்தில், 'மெல்ல நட பெரியவரே, மேடு இன்னும் ஈரமுங்க' என்ற இடத்தில் மைக் போய்விட்டது. பேக்கரிக்காரர் ஓடிவந்து வயரை ஆட்டினார். மைக் வந்ததும் அவள் லேசாகச் சிரித்து, அந்த வரியை மறுபடியும் பாடினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சரணம் முடிந்ததும் என் ஃபோன் அடித்தது. வார்டில் ஒருவருக்குப் பிரஷர் இறங்கிவிட்டதாம். வெளியே படிக்கட்டுக்குப் போய்ப் பேசினேன். திரும்பி வந்தபோது கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அவளிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன், நம்பர் வாங்கிக்கொண்டேன். "ரொம்ப நல்லாப் பாடினே" என்று நாலு தடவையாவது சொல்லியிருப்பேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் அவள் எங்கே பாடினாலும் போனேன். அவள் என்னை ஷெர்லிக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். யானைப் பாட்டை மட்டும் அவள் அப்புறம் மேடையில் பாடவில்லை, எங்கள் மூன்று ஏக்கர் சோளம் போனபோது நான் எழுதியது, ஆல்பத்துக்காக வைத்திருக்கிறேன் என்றாள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒரு சிநேகிதி வீட்டு அறையில் ஜன்னலுக்குக் கம்பளி கட்டி, ஒரு வருஷமாக எட்டுப் பாட்டுப் பதிவு செய்தாள். யானைப் பாட்டு அதில் மூன்றாவது. ஆல்பத்தின் பெயரே 'மேடு' என்று அந்தப் பாட்டிலிருந்துதான். இந்த வருஷம் ஜூனில் வெளியிடுவதாக இருந்தது.

மே மாதம் ஒரு புதன்கிழமை. பெங்களூரில் 'கெம்பு சைக்கிள்' என்று ஒரு இசைக்குழு இருக்கிறது. நாலு பையன்கள், நல்ல கருவிகள், பெரிய கூட்டம். அவர்களுடைய புது ஆல்பம் வந்திருக்கிறது என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். வார்டில் போட்டேன். ஐந்தாவது பாட்டு ஆரம்பித்ததும் என் கை நின்றுவிட்டது. வந்தவரே வந்தவரே. பின்னால் புல்லாங்குழல், மழைச் சத்தம், ஒருவன் காதில் ஓதுவதைப் போலப் பாடுகிறான்.

"ஏம்மா ஷெர்லி, இது நீ முன்னாலயே போட்டுக் காமிச்சதுதானே?" என்றார் கேசவமூர்த்தி சார். "மைக்கு போயிடுத்துன்னு அந்தப் பொண்ணு ஒரு வரியை ரெண்டு தரம் பாடினாளே. இவா எதுக்கு ரெண்டு தரம் பாடறா?"

ஆமாம். அதே வரி, இரண்டு தடவை, நடுவில் அதே அளவு இடைவெளி விட்டு. அந்த இடைவெளியில் அவர்கள் ஒரு வயலினை வேறு அழ விட்டிருந்தார்கள். ஃபோனில் ஆல்பத்தின் குறிப்பைத் திறந்து பார்த்தேன். 'யானைத் தாலாட்டு. பாரம்பரியப் பாடல். ஹனூர்ப் பகுதித் தமிழ் உழவர்கள் நூறாண்டுகளாகக் காட்டு விலங்கோடு கொண்ட அன்பின் சாட்சி' என்று இருந்தது.

தாலாட்டாம். ராத்திரியோடு ராத்திரியாக மூன்று ஏக்கர் சோளத்தைத் தின்றுவிட்டுப் போனதைப் பார்த்து ஒரு பெண் வயிறெரிந்து கேட்ட கேள்விக்குப் புல்லாங்குழல் வைத்து அன்பாக்கிவிட்டார்கள். அன்றைக்கு மாடியில் இருந்த எவனோ பதிவு செய்து இவர்களுக்குக் கொடுத்திருக்கிறான், அவன் யாரென்று தெரிந்தால் சும்மா விடமாட்டேன் என்று சார் முன்னாலேயே சொன்னேன். அவர் மெஷினைக் கை காட்டினார். அலாரம் அடித்துக்கொண்டிருந்தது, நான் கவனிக்கவில்லை.

மதியம் ஷிப்ட் முடிந்ததும் நேராக மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன். ஜீவிதாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவளுடைய ஆல்பத்தை இணையத்தில் ஏற்றித் தருகிற கம்பெனியிலிருந்து மெயில் வந்திருந்தது. உங்கள் மூன்றாவது பாட்டு இன்னொரு ஆல்பத்தில் ஏற்கெனவே இருக்கிறது, பாரம்பரியப் பாட்டுக்கு நீங்கள் உரிமை கோர முடியாது, நீங்களே எழுதியதென்றால் நிரூபியுங்கள், அதுவரை ஆல்பம் முழுவதும் நிறுத்தி வைக்கப்படுகிறது என்று.

"நீதான் எழுதினேன்னு சொல்ல வேண்டியதுதானே" என்றேன்.

"சொன்னனுங்க்கா. ஆதாரம் கேக்கறாங்க. நோட்டுல எழுதுனத ஃபோட்டோ எடுத்து அனுப்புனேன். தேதி இல்லேன்னுட்டாங்க." அவள் ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டே பேசினாள். "அந்தப் பாட்ட எடுத்துட்டா மத்த ஏழையும் ஏத்திருவாங்களாமா. ஆனா அதுக்குத்தானுங்க இத்தன நாள் பாடுபட்டது. எங்கம்மா ராத்திரியெல்லாம் தகரத்தத் தட்டிக்கிட்டு நின்னாங்க. அதப் பாத்துத்தான் எழுதுனேன். அது யாரோ எழுதுனதுன்னு ஆயிட்டா, எப்புடிங்க்கா?"

"எங்கிட்ட ரெக்கார்டிங் இருக்கு, ரெண்டு வருஷம் முன்னாடி தேதியோட. நான் விடமாட்டேன்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகவே இருந்தது, இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அடுத்த சனிக்கிழமை கெம்பு சைக்கிள் மைசூருக்கு வந்தது. சரஸ்வதிபுரத்தில் ஒரு ஹால், சாயங்காலம் ஐந்து மணி. அவர்களுக்கென்றால் ஹால் கிடைக்கிறது பாருங்கள், நாற்காலிக்கு உறைகூடப் போட்டிருந்தார்கள். ஜீவிதா வரமாட்டேன் என்றாள். "சண்ட வேண்டாமுங்க்கா. பேர மாத்துனாப் போதும், அதயும் மெயில்ல கேட்டுக்கலாம்" என்றாள். மெயிலுக்கெல்லாம் இவர்கள் மசிய மாட்டார்கள், நாலு பேர் முன்னால் கேட்டால்தான் வெட்கப்படுவார்கள் என்று பிடிவாதமாக ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

வாசலில் ஆல்பத்தின் சிடியை ஒரு புத்தகத்தோடு விற்றார்கள். கெட்டி அட்டை, யானைப் படம். ஆதாரத்துக்கு ஆகுமென்று ஒன்று வாங்கினேன். பிரிக்கவில்லை. ஆல்பம் வாங்கினால் நான் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் பார்ப்பேன். யார் எழுதினார்கள், யார் வாசித்தார்கள், யாருக்கு நன்றி சொல்கிறார்கள் என்று ஒரு பெயர் விடாமல் படிப்பேன். அன்றைக்குக் கோபத்தில் கை போகவில்லை.

கச்சேரியைப் பற்றிச் சொல்ல என்னிடம் நியாயமான வார்த்தை இல்லை. நன்றாகத்தான் வாசித்தார்கள். யானைத் தாலாட்டுக்கு முன்னால் விளக்கைக் குறைத்து, எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார்கள். நான் மூடவில்லை. ஜீவிதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வரிக்கு இருநூறு பேர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்கள், அதில் ஒருவருக்கும் அவள் யாரென்று தெரியாது. முடிந்ததும் கேள்வி கேட்கலாம் என்றார்கள். நான் முதலில் எழுந்தேன்.

"அந்த யானைப் பாட்டு யாரோடது?" என்று தமிழிலேயே கேட்டேன்.

பாடகன் தருண்குமார் பெங்களூர்த் தமிழ்ப் பையன். அதுவரை கன்னடத்தில் பேசியவன், தமிழைக் கேட்டதும் சந்தோஷமாகத் தமிழுக்கு வந்தான். "அது டிரெடிஷனல் அக்கா. மார்டள்ளி சைடு பாட்டு."

"டிரெடிஷனல் இல்ல. எழுதினவ இதோ உக்காந்திருக்கா. இவ பேரு ஜீவிதா. அவ பாட்டைத் திருடி, அவ ஆல்பமே வெளிய வராதபடி செஞ்சு வச்சிருக்கீங்க. யாரு குடுத்தாங்க உங்களுக்கு? யாருகிட்டக் கேட்டீங்க?"

அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் என்னை உற்றுப் பார்த்தான். "அக்கா, நீங்க ஷெர்லி அக்கா தானே? மைசூரு லைவ் குரூப்ல இருக்கிற நர்ஸ் அக்கா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"நீங்கதானே அக்கா குடுத்தது" என்றான். திமிராகச் சொல்லவில்லை. குழம்பிப்போய்ச் சொன்னான். ஃபோனை எடுத்துக் கொஞ்ச நேரம் தேடி, மைக்கில் வாசித்தான். "'மார்டள்ளி பக்கம் பாடற பழைய நாட்டுப்பாட்டு தம்பி. யாரு எழுதினதுன்னு யாருக்கும் தெரியாது. நூறு வருஷம் இருக்கும். தாராளமா பாடுங்க.' ரெண்டு வருஷம் முன்னாடி நீங்க அனுப்பினது. புக்லயும் உங்க பேரு போட்டிருக்கோம் அக்கா. லாஸ்ட் பேஜ் பாருங்க."

பிரித்தேன். கடைசிப் பக்கத்தில், ஐந்தாவது பாட்டுக்கு எதிரே அச்சாகியிருந்தது. 'சொற்கள், இசை: பாரம்பரியம். களப்பதிவு: ஷெர்லி, மைசூரு.'

எனக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பேக்கரி மாடிக்கு அடுத்த வாரம், குழுவில் நான் போட்ட பதிவைக் கேட்டுவிட்டு யாரோ ஒரு பையன் தனியாகக் கேட்டிருந்தான், இது யார் பாட்டு அக்கா, நாங்கள் பாடலாமா என்று. நான் வார்டில் ஊசியை மாற்றிக்கொண்டே, ஒரு கையால் பதில் தட்டினேன். அப்புறம் ஃபோன் மாற்றினேன், பதிவுகள் மட்டும் மெமரி கார்டில் வந்தன. அனுப்பிய சேதி எனக்கு மறந்தே போனது. எத்தனை பேருக்குத்தான் இப்படி அனுப்பியிருக்கிறேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அதைத்தான் அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். கெம்பு சைக்கிள் பையன் பாடியிருந்தால், நீ எழுதியதா என்று முதல் கேள்வியாகக் கேட்டிருப்பேன். மூக்குக்கண்ணாடிக் கடைப் பெண், மார்டள்ளி, பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுகிறவள், சோளம், யானை. அவள் பாடினால் அது ஊர்ப் பாட்டாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஆராய்ச்சி செய்தவளைப் போல நூறு வருஷம் என்று வேறு போட்டேன். அவள் நம்பர் அப்போதே என் ஃபோனில் இருந்தது. ஒரு நிமிஷம் போதும், கேட்டிருக்கலாம்.

பக்கத்தில் ஜீவிதா எழுந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. யாரோ அவள் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

"ஏனுங்க, 'மெல்ல நட பெரியவரே'ங்கற வரிய எதுக்குங்க ரெண்டு தடவ பாடறீங்க?" என்று தருண்குமாரைக் கேட்டாள்.

அவன் கொஞ்சம் தைரியம் வந்தவனாக, "அதுதான் அந்தப் பாட்டோட பியூட்டி. யானை நின்னு நின்னு நடக்குது இல்லியா, அந்த நடை" என்றான்.

"மைக் போயிருச்சுங்க" என்றாள் ஜீவிதா.

ஹாலில் எங்கோ ஒருவர் சிரிக்க, அப்புறம் நிறையப் பேர் சிரித்தார்கள். தருண்குமார் முகம் சிவந்தது. எனக்கு அவன்மேல் பரிதாபம் வந்தது, அதற்காகவும் எனக்கு என்மேல் கோபம் வந்தது.

"மூணாவது சரணத்த ஏனுங்க பாடல?"

"மூணாவது இருக்கா? ரெக்கார்டிங்ல ரெண்டுதான் இருந்துச்சு. அப்புறம் ஃபோன் ரிங் ஆகுது, கட் ஆகுது."

அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க மூணாவது சரணம் கேட்டீங்களா?"

"இல்ல ஜீவிதா. ஃபோன் வந்துச்சு. வெளிய போயிட்டேன்."

"பாட்டு முழுசாக் கேக்கல. எங்கிட்டயும் கேக்கல. அப்புறம் எப்புடிங்க்கா எழுதிக் குடுத்தீங்க?"

சத்தம் போடாமல்தான் கேட்டாள். அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கு அது பழக்கம். மைக்கை அவளிடமிருந்து வாங்கி, நான் சொன்னது தப்பு, இந்தப் பாட்டு இவள் எழுதியது, எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னேன் என்று கன்னடத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை சொன்னேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. ஸ்கூட்டரில் கொண்டுவிடுகிறேன் என்றதற்கு, "பஸ்ல போய்க்கறனுங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தருண்குமார் மேடையில் மன்னிப்புக் கேட்டான், மாற்றிவிடுகிறோம் என்றான். மூன்று வாரம் ஒன்றும் மாறவில்லை. அவனும் கேட்டிருக்க வேண்டும் என்பதை நான் இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு நர்ஸம்மா ஒரு கையால் தட்டிய நாலு வரியை நம்பி நாலு படித்த பிள்ளைகள் ஒரு ஆல்பம் போடலாமா? மார்டள்ளி என்ன சந்திரனிலா இருக்கிறது? கொள்ளேகாலில் இறங்கி இன்னொரு பஸ் ஏறினால் போய்விடலாம். ஒருவனும் ஏறவில்லை. ஆனால் இதை ஆவேசமாக யாரிடமாவது சொல்ல ஆரம்பிக்கும்போதெல்லாம், நான் மட்டும் எந்த பஸ்ஸில் ஏறினேன் என்ற கேள்வி குறுக்கே வந்துவிடும்.

ஏற்றித் தருகிற கம்பெனிக்குச் சாட்சிக் கடிதம் தேவைப்பட்டது. வார்டில் மேஜைமேல் உட்கார்ந்து எழுதினேன். சுற்றி வளைத்து, குழப்பத்தில் நேர்ந்த தவறு என்று முதலில் எழுதியிருந்தேன். கேசவமூர்த்தி சார் படுத்தபடியே வாங்கிப் படித்துவிட்டு, "குழப்பமாவது ஒண்ணாவது. பாதி கேட்டுட்டு முழுசாச் சொல்லிட்டே. அதையே எழுதேன்" என்றார். அதையே எழுதினேன். 'நான் அந்தப் பாட்டைப் பாதிதான் கேட்டேன். எழுதியவரிடம் கேட்கவில்லை. பழைய பாட்டு என்று நானாகச் சொன்னேன்.' தேதியோடு என் பதிவையும், அடியில் என் கையெழுத்தையும் வைத்து அனுப்பினேன். தருண்குமாருக்குத் தினமும் காலையில் ஒரு சேதி போட்டேன். கடைசியில், என் தொல்லை தாங்காமலோ மனசு கேட்காமலோ, இணையத்தில் 'சொற்கள், இசை: ஜீவிதா' என்று மாற்றினார்கள். அச்சடித்த புத்தகங்களில் என் பெயர் அப்படியே இருக்கிறது. என் அலமாரியிலும் ஒன்று இருக்கிறது.

ஜூனில் வரவேண்டிய 'மேடு' அக்டோபரில்தான் வந்தது. நடுவில் நான் அனுப்பிய சேதிகளுக்கெல்லாம் ஜீவிதா, "சரிங்க்கா" என்று மட்டும் பதில் போட்டாள். வெளியீட்டுக்கு என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை. குழுவில் வந்த அழைப்பைப் பார்த்துவிட்டுப் போனேன். ஆல்பத்தில் யானைப் பாட்டை அதற்கு முன்னால் கேட்கவில்லை. இரண்டு பாட்டு முடிந்ததும் நிறுத்திவிட்டேன், என் வாழ்க்கையில் முதல் தடவையாக. அதை அவள் பாடித்தான் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

அதே பேக்கரி மாடி, ஞாயிற்றுக்கிழமை, ஐந்து மணி. இந்தத் தடவை அறுபது பேருக்குமேல், படிக்கட்டிலும் உட்கார்ந்திருந்தார்கள். நான் பழக்க தோஷத்தில் முன்வரிசைக்குப் போய்விட்டேன். இரண்டு பாட்டுப் பாடினாள். மூன்றாவதற்குக் கிதாரைச் சுருதி சேர்த்தாள். முதல் கம்பியைத் தட்டியதும் என் கை என்னைக் கேட்காமலே பைக்குள் போய் ஃபோனை எடுத்துப் பதிவுப் பொத்தானைத் தேடியது.

வாசிப்பு நின்றது. நிமிர்ந்தேன். ஜீவிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஃபோன உள்ள வையுங்க்கா" என்றாள் மைக்கில். "இருந்து முழுசாக் கேட்டுட்டுப் போங்க."

அறுபது பேரும் பார்த்தார்கள். ஃபோனை அணைத்துப் பையில் போட்டு, பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினேன். கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஈரமான மேட்டைப் பற்றிய வரி ஒரே ஒரு தடவைதான் வந்தது. அதைத் தாண்டி, அன்றைக்கு நான் எழுந்து போன இடத்தையும் தாண்டி, அவள் குரல் உயர்ந்தது.

'நஷ்டஈட்டுக்கு ஃபோட்டோ புடிச்சு அனுப்பச் சொல்லி ஆபீஸரு ஃபோன் போட்டாரு. நின்னு ஒரு போஸு குடுங்க, நீங்க தின்ன எடத்துலயே.'

மாடி முழுக்கச் சிரித்தது. நூறு வருஷம் இருக்கும் என்று நான் எழுதிக் கொடுத்த பாட்டு அது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து வெளியே போய்விடலாம் போல இருந்தது, போகவில்லை. பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.